பூட்டிய வீடுகளின் கணக்கு

சுகாதாரக் கணக்கெடுப்பு அறிக்கை ஒன்று வெளிவந்தால் எல்லோரும் முதலில் புரட்டுவது முடிவுகளைத்தான். நூற்றில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய், எத்தனை பேருக்கு இரத்த அழுத்தம், எத்தனை குழந்தைகளுக்கு இரத்தசோகை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய அட்டவணை ஒன்று பின்னிணைப்பில் பொடி எழுத்தில் கிடக்கும். எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினார்கள், எத்தனை வீடு பூட்டியிருந்தது, எத்தனை பேர் முடியாது என்றார்கள், பேட்டி கொடுத்தவர்களில் எத்தனை பேர் இரத்தமும் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். அந்த அட்டவணை இல்லாத அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன். அட்டவணை இருந்தும் அதில் ஏழை, வசதியானவர் என்று பிரித்துக் காட்டவில்லையென்றால் முக்கால்.

விட்டுப்போகிறவர்கள் சீட்டுக் குலுக்கியதுபோல் விட்டுப்போவதில்லை என்பதுதான் காரணம். தபாலில் அழைப்பு அனுப்பி, ஒரு மையத்துக்கு வரச் சொல்லி நடத்தும் ஆய்வுகளில் வராமல் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் நாட்டுக்கு நாடு ஒரே முகங்கள்: குறைவாகப் படித்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள், வேலையில்லாதவர்கள், இளவயது ஆண்கள், தனியாக வசிப்பவர்கள், புலம்பெயர்ந்து வந்தவர்கள். புகைபிடிப்பவர்களும் அதிகம் குடிப்பவர்களும் அந்தப் பட்டியலில்தான் கூடுதலாக இருக்கிறார்கள்.

வராதவரைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்கலாம். மக்கள் பதிவேடு சுத்தமாக இருக்கும் நாடுகளில் அழைக்கப்பட்ட எல்லோரையும், வந்தாலும் வராவிட்டாலும், மரணப் பதிவேட்டோடும் நோய்ப் பதிவேட்டோடும் ஒப்பிட்டுவிட முடியும். நார்வேயில் நடக்கும் ஹண்ட் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஒரு மாவட்டத்தின் வயதுவந்தோர் அத்தனை பேரையும் அழைத்தார்கள். 1984–86 சுற்றில் 89 சதவீதம் பேர் வந்தார்கள். 1995–97இல் சுமார் 70. 2006–08இல் 54. அந்த மூன்றாவது சுற்றுக்கு வராதவர்களைத் தேடிப் பார்த்தபோது அவர்களுடைய சமூகப் பொருளாதார நிலை தாழ்ந்திருந்தது. இறப்பு விகிதமும் பல நாள்பட்ட நோய்களும் கூடுதலாக இருந்தன. வேடிக்கை என்னவென்றால் மூட்டுவலி, தசைவலி, தலைவலிக்காரர்கள் வந்தவர்களிடையேதான் அதிகம். ஆக, ஒரே ஆய்வு சில நோய்களைக் குறைத்தும் சிலவற்றைக் கூட்டியும் காட்டும். 'வராதவர்களால் எண் குறையும்' என்று ஒரே திசையில் கணக்குப் போட்டுவிட முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் சங்கதி விளங்கும். பத்தாயிரம் பேர் வாழும் ஓரிடம். பாதிப் பேர் ஏழைகள், பாதிப் பேர் வசதியானவர்கள். உண்மையில் ஏழைகளில் 16 சதவீதம் பேருக்கும் வசதியானவர்களில் 8 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 12 சதவீதம். ஆய்வுக்கு ஏழைகளில் 30 சதவீதம் பேர் வருகிறார்கள், அதாவது 1,500. வசதியானவர்களில் 60 சதவீதம், அதாவது 3,000. முதல் கூட்டத்தில் 240 நோயாளிகள், இரண்டாவதிலும் 240. மொத்தம் 4,500 பேரில் 480. அறிக்கையில் 10.7 சதவீதம் என்று அச்சாகும்.

இந்தப் பிழையைத் திருத்துவது சுலபம். ஏழைகளில் வந்த ஒவ்வொருவரையும் 3.33 பேராகவும் வசதியானவரை 1.67 பேராகவும் எண்ணினால் 12 திரும்பக் கிடைத்துவிடும். இதைத்தான் வெயிட் போடுவது என்கிறோம்.

ஆனால் ஏழைகளுக்குள்ளேயே யார் வந்தார்கள்? நடக்க முடிந்தவர், வேலைக்கு ஒரு நாள் லீவு கிடைத்தவர், வீட்டில் படுத்த படுக்கையாக யாரும் இல்லாதவர். அதனால் வந்த 1,500 பேரில் 16 சதவீதம் இல்லை, 12 சதவீதம் பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வெயிட் போட்டாலும் 10 சதவீதம்தான் வரும். இன்னொன்றும் நடந்துவிட்டது. ஏழைக்கும் வசதியானவருக்கும் உண்மையில் 8 புள்ளி இடைவெளி. ஆய்வில் தெரிவது 4. ஏற்றத்தாழ்வை அளக்கப் போன ஆய்வு அந்த ஏற்றத்தாழ்வில் பாதியை விழுங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறது. எத்தனை கெட்டிக்காரத்தனமான வெயிட்டாலும் அதை மீட்க முடியாது. தரவுக்குள் இல்லாத ஆட்களைத் தரவை வைத்தே உண்டாக்க வழியில்லை.

மாதிரியைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு இருக்கிறது. பிரிட்டனில் பல ஆண்டுகளாக ஆட்களின் உடல்நலத்தையும் மரபணுவையும் பதிவுசெய்துவரும் யூகே பயோபேங்க் ஆய்வு 2006 முதல் 2010 வரை 40–69 வயதுள்ள சுமார் 92 லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பியது. சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம், நூற்றுக்கு ஐந்தரை பேர். அதில் 70–74 வயதை எட்டியவர்களின் இறப்பு விகிதத்தை அதே வயதுள்ள பொது மக்களோடு ஒப்பிட்டபோது ஆண்களில் 46 சதவீதமும் பெண்களில் 56 சதவீதமும் குறைவாக இருந்தது. மரபணு ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷம், அதில் சந்தேகமில்லை. அதை வைத்து 'நாட்டில் இத்தனை பேருக்கு இந்த நோய்' என்று சொல்லக் கிளம்பினால்தான் வம்பு.

இன்னும் கூர்மையான உதாரணம் அமெரிக்காவில் 2021இல் கொரோனாத் தடுப்பூசி போட்டவர்களைக் கணக்கெடுத்தது. ஃபேஸ்புக் வழியாக கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி குழு நடத்திய ஆய்வுக்கு வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் பதில் சொன்னார்கள். மே மாதக் கணக்கில் அது தடுப்பூசி போட்டவர்களை 17 சதவீதப் புள்ளி கூட்டிக் காட்டியது. அரசின் கணக்கெடுப்புத் துறை நடத்திய பெரிய இணைய ஆய்வும் 14 புள்ளி கூட்டிக் காட்டியது. அதே வேளையில் வாரம் ஆயிரம் பேரை மட்டும் கவனமாகத் தேர்ந்து கேட்ட ஒரு சின்ன ஆய்வு உண்மைக்கு மிக அருகில் நின்றது. பின்னால் இதை ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதியவர்கள் போட்ட கணக்கு சங்கடமானது: அந்த இரண்டரை லட்சம் பதில்கள் ஒழுங்காகத் தேர்ந்த பத்துப் பேரின் பதிலுக்குச் சமம். பத்தாயிரம் இல்லை, பத்து.

ஆள் எந்த இடத்தில் நழுவுகிறார் என்று பார்த்தால் ஒரே இடமில்லை, வரிசையாகப் பல வாசல்கள்.

முதல் வாசல் பட்டியல். வாக்காளர் பட்டியல், தொலைபேசி எண்கள், மருத்துவமனைப் பதிவு என்று எதிலிருந்து மாதிரியை எடுத்தாலும் அதில் பெயர் இல்லாதவர் ஆய்வு தொடங்கும் முன்பே வெளியே நிற்கிறார். பதிலளிப்பு விகிதத்தில்கூட இவர் கணக்கில் வரமாட்டார். அதனால்தான் 95 சதவீதப் பதிலளிப்பு என்ற எண்ணைப் பார்த்ததும் கைதட்டக் கூடாது. அந்த 95 எதில் 95 என்று கேட்க வேண்டும். வீடற்றவர்கள், விடுதிகளிலும் சிறைகளிலும் இருப்பவர்கள், கட்டடம் எழும்பும் இடத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கும் தொழிலாளர்கள் ஆகியோர் பெரும்பாலான வீட்டுவாரி ஆய்வுகளின் வரையறைக்குள்ளேயே வருவதில்லை.

வீடுவீடாகப் போய்ப் புதிதாகப் பட்டியல் எடுக்கும் ஆய்வுகளில் இந்தக் கோளாறு குறையும், ஆனால் வேறு உருவத்தில் வரும். பட்டியல் எடுப்பவர் தெருவில் நின்று கதவுகளை எண்ணுகிறார். குடும்பம் என்பது கதவு இல்லை, அடுப்பு. ஒரு வாசலுக்குள் மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று குடும்பம். பின்கட்டில் ஒரு அறை, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, மொட்டைமாடியில் தகரக் கூரை. இவற்றில் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள், அதிலும் குறைந்த வாடகைக்காரர்கள். வீட்டுக்காரரிடம் 'எத்தனை குடும்பம்?' என்று கேட்டால் தன் குடும்பத்தை மட்டும் சொல்வார். வாடகை வருமானம் வெளியே தெரிய வேண்டாம் என்றும் நினைப்பார். 'இந்த வாசல் வழியாகப் போய்வருபவர்களில் தனியாகச் சமைப்பவர் யார் யார்?' என்று கேட்டால் வேறு பதில் வரும். கேள்வியை மாற்றினாலே போதும், பட்டியலில் வீடுகள் கூடிவிடும். மேற்பார்வையாளர் ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு வாசல்களுக்குத் தானே திரும்பப் போய் அடுப்புகளை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால் அந்தப் பகுதியின் பட்டியல் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒதுக்கும் நாட்களைத்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுவார்கள்.

அடுத்த வாசல் நேரம். வீடு பூட்டியிருந்தால் மூன்று முறை போக வேண்டும் என்பது பொதுவான விதி. விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு களப்பணியாளரின் வருகைத் தாளை எடுத்துப் பாருங்கள்: செவ்வாய் காலை 11.10, பூட்டு. புதன் காலை 11.40, பூட்டு. வியாழன் மதியம் 2.15, பூட்டு. முடிவுக் குறியீடு: 'வீட்டில் ஆளில்லை'. மூன்று முறை போனது உண்மை. ஆனால் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் குடும்பத்தைப் பொறுத்தவரை அவர் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார். இதைவிட மோசம், மூன்று வருகையையும் ஒரே நாளில் ஒரு மணி நேர இடைவெளியில் எழுதி முடிப்பது. டேப்லெட்டில் நேரம் தானாகப் பதிவாகும் இன்றைய முறையில் இதைப் பிடிப்பது கஷ்டமில்லை. யாராவது அந்தப் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விதியை இப்படி எழுத வேண்டும்: மூன்றில் ஒன்று மாலை ஆறுக்குப் பிறகு, ஒன்று விடுமுறை நாளில், எந்த இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு நாள். மாலையில் வேலை பார்க்கும் களப்பணியாளருக்குக் கூடுதல் படியும், அவர்களில் பலர் பெண்கள் என்பதால் திரும்பிப் போக வண்டியும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் மாலையில் போகச் சொன்னால் அந்த விதியும் காகிதத்தில்தான் நிறைவேறும்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்ற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டும். ஆய்வு உலகத்தில் சத்தமில்லாமல் நடக்கும் பெரிய தவறு இதுதான். பகலில் கதவைத் திறக்கும் பக்கத்து வீட்டுக்காரர் யார்? ஓய்வு பெற்றவர், வேலைக்குப் போக வேண்டிய தேவை இல்லாதவர், கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர். பத்து வீட்டில் மூன்றை இப்படி மாற்றினால் பதிலளிப்பு விகிதம் நூறு சதவீதம் என்று அறிக்கையில் பளபளக்கும், கூலி வேலைக்காரர்கள் காணாமல் போயிருப்பார்கள். களப்பணியாளரைத் திட்டிப் பயனில்லை. முடித்த பேட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் யாராக இருந்தாலும் திறந்திருக்கும் கதவைத்தான் தேடுவார்கள். சம்பளம் நாள் கணக்கில் இருக்க வேண்டும். மாற்று வீட்டுக்கு அனுமதியே கூடாது. இழப்பு வரும் என்று தெரிந்தால் அதை முன்கூட்டியே கணக்கிட்டு, 20 சதவீத இழப்பை எதிர்பார்த்து ஆயிரம் பேட்டி தேவைப்பட்டால் 1,250 வீடுகளைத் தொடக்கத்திலேயே தேர்ந்து, அத்தனைக்கும் போக வேண்டும்.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதிலும் இதே கதைதான். கதவைத் திறந்தவரையே கேட்டுவிட்டு வருவது சுலபம். வயது, பால் வாரியாக எல்லோரையும் எழுதி, அட்டவணைப்படி ஒருவரைத் தேர்வது 1949இல் புள்ளியியலாளர் கிஷ் காட்டிய முறை. அடுத்து யாருக்குப் பிறந்த நாள் வருகிறதோ அவரைத் தேர்வது இன்னொன்று. பிறந்த தேதி சரியாகத் தெரியாதவர்கள் இருக்கும் குடும்பங்களில் இரண்டாவது முறை காலை வாரிவிடும்.

பிறகு ஒப்புதல் படிவம். நான்கு பக்கம், சட்ட மொழி, கடைசியில் கையெழுத்து. படிக்கத் தெரியாதவரிடம் அதை நீட்டும்போது அவர் தயங்குவது ஆய்வைக் கண்டு இல்லை, காகிதத்தைக் கண்டு. கையெழுத்துப் போட்டு ஏமாந்த அனுபவம் அவருக்கோ அவரைச் சேர்ந்தவருக்கோ இருக்கும். வாய்மொழியாக விளக்கி, சாட்சி ஒருவர் முன்னிலையில் ஒப்புதல் பெறும் வழியை நெறிமுறைக் குழுவிடம் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இரத்தப் பரிசோதனைதான் கடைசி வாசல், பெரிய வாசலும்கூட. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமென்றால் எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் காலையில் காத்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் ஒரு மணி நேரம் தாமதமாகப் போகலாம். நாள் கூலிக்காரருக்கு அன்றைய கூலியே போச்சு. குழு ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தால் அந்தத் தெருவில் ஏழைகளின் இரத்த மாதிரி கிடைக்காது. விடியற்காலை ஐந்தரைக்கே குழு போய் நிற்பது ஒரு தீர்வு. சாப்பிட்டிருந்தாலும் எடுக்கக்கூடிய ஹெச்பிஏ1சி அளவை, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவை, பயன்படுத்துவது இன்னொன்று. ஆனால் இரத்தசோகை அதிகமுள்ள இடங்களில் அந்த அளவு தடுமாறும், இரத்தசோகை ஏழைகளிடம்தான் அதிகம். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும் என்பதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

கேட்கும் கேள்விகளும் ஆளைத் தள்ளிவிடும். நாளுக்கு நாள் மாறும் கூலியில் இருப்பவரிடம் 'மாத வருமானம்' கேட்டால் அவர் சொல்லும் எண்ணுக்குப் பொருளில்லை. பலர் பதிலே சொல்லமாட்டார்கள். வீட்டுத் தரை, கழிப்பறை, குடிநீர் வரும் வழி, வீட்டிலுள்ள சாமான்கள் ஆகியவற்றைக் கேட்டு வசதிக் குறியீடு உண்டாக்கி ஐந்து சமப் பங்காகப் பிரிப்பது இதனால்தான் உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. விட்டுப்போவது எப்போதும் ஏழைகள் மட்டுமே இல்லை. வீடுவீடாகப் போகும் ஆய்வுகளில் பல நாடுகளில் கிராமத்தைவிட நகரத்தில் பதிலளிப்பு குறைவு. காவலாளி நிற்கும் அடுக்குமாடிகளின் கேட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. தாண்டினாலும் 'எங்க டாக்டர் பாத்துக்குவார், வேண்டாம்' என்று இரத்தம் கொடுக்க மறுப்பார்கள். ஆக, ஆய்வு மக்களைத் தேடிப் போனால் மேல்தட்டும் நழுவுகிறது. மக்கள் ஆய்வைத் தேடி வர வேண்டுமென்றால் கீழ்த்தட்டு நழுவுகிறது. இரண்டிலும் ஏற்றத்தாழ்வின் ஒரு முனை மழுங்குகிறது.

வெயிட் விஷயத்துக்கு வருவோம். வயது, பால், கல்வி, இருப்பிடம் ஆகியவற்றின் மொத்த அளவுகளோடு மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பொருத்தும் ரேக்கிங் முறை 1940இல் புள்ளியியலாளர்கள் டெமிங்கும் ஸ்டீஃபனும் கொண்டுவந்தது. இன்றும் அதுதான் தினசரிச் சோறு. இதில் அடிக்கடி நடக்கும் தவறு, வயதையும் பாலையும் மட்டும் வைத்துப் பொருத்திவிட்டு 'எடையிடப்பட்டது' என்று எழுதிவிடுவது. நழுவல் கல்வியிலும் வருமானத்திலும் இருக்கும்போது வயதைச் சரிசெய்து என்ன பயன்? கல்வி கட்டாயம் உள்ளே வர வேண்டும். இரண்டாவது, வெயிட்டுக்கு விலை உண்டு. மேலே சொன்ன கணக்கில் 3.33, 1.67 என்று போட்டதால் 4,500 பேரின் மதிப்பு 4,000 பேராகக் குறைகிறது. அது தாங்கக்கூடியதுதான். ஒரே ஒருவர் நாற்பது பேருக்காகப் பேசும் நிலை வந்தால் அந்த ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதே முடிவை ஆட்டிவைக்கும். அப்போது வெயிட்டை வெட்டுவார்கள். வெட்டிய அளவுக்குச் சார்பு, அதாவது ஒரு பக்கம் சாயும் பிழை, திரும்ப உள்ளே வரும்.

வராதவரைப் பற்றிப் பதிவேடு இல்லாத இடத்திலும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். முதல் முறையிலேயே கிடைத்தவர்களையும் மூன்றாவது முறையில்தான் கிடைத்தவர்களையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். நோய் விகிதம் வருகைக்கு வருகை ஏறிக்கொண்டே போனால், கிடைக்காமலே போனவர்களிடம் இன்னும் கூடுதலாக இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. நிரூபணம் இல்லை, கடைசிவரை மறுத்தவரும் தாமதமாகக் கிடைத்தவரும் ஒரே மாதிரி ஆட்கள் என்று சொல்ல முடியாது. மறுப்பவர்களிடம் கதவருகிலேயே மூன்று கேள்வி மட்டும் கேட்பது இன்னொரு வழி: வயது, படிப்பு, சர்க்கரை மருந்து சாப்பிடுகிறீர்களா. முழுப் பேட்டிக்கு மறுத்தவர்களில் சிலர் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள்.

ஊக்கத்தொகை கொடுக்கலாமா என்ற விவாதம் ஓயாது. தபால் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது, 'பூர்த்தி செய்து அனுப்பினால் தருகிறோம்' என்பதைவிட உறைக்குள்ளேயே முன்கூட்டி வைத்து அனுப்பும் சிறு தொகை நன்றாக வேலை செய்கிறது என்பதே. ஆனால் பணம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. அமெரிக்காவின் நேஷனல் ஹெல்த் அண்ட் நியூட்ரிஷன் ஆய்வு நடமாடும் பரிசோதனை மையம், பணம், போக்குவரத்து எல்லாம் கொடுக்கிறது. அப்படியிருந்தும் பரிசோதனைக்கு வந்தவர்களின் விகிதம் 1999–2000இல் 76ஆக இருந்தது 2017–18இல் 49க்கு இறங்கிவிட்டது. கூலி இழப்பை ஈடுகட்டுவதற்கும் ஆசை காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நெறிமுறைக் குழுக்கள் குழப்பிக்கொள்கின்றன என்பது என் அபிப்பிராயம். அரை நாள் வேலையை விட்டு வருபவருக்கு அரை நாள் கூலி கொடுப்பதில் ஆசை காட்டல் எங்கே இருக்கிறது?

அந்தப் பின்னிணைப்பு அட்டவணையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், வரிசையில் பகுதிகளை ஏழ்மை அளவுப்படி ஐந்தாகப் பிரித்துப் போடுங்கள். வீட்டுக்குள் போகாமலே தெரியக்கூடியது பகுதியின் ஏழ்மைதான். நெடுக்கில் தேர்ந்த வீடுகள், பூட்டியவை, மறுத்தவை, பேட்டி முடிந்தவை, இரத்தம் கிடைத்தவை. பூட்டியதையும் மறுத்ததையும் 'பதில் இல்லை' என்று ஒரே கட்டத்தில் போடாதீர்கள். பூட்டியதற்கு மருந்து மாலை நேர வருகை. மறுத்ததற்கு மருந்து வேறு. ஒரு சதவீதத்துக்குப் பதில் ஐந்து வரி, ஐந்து நெடுக்கு, அரைப் பக்கம் போதும். களத்தில் வேலை முடியும்வரை காத்திருக்காமல் வாராவாரம் இதை நிரப்பிப் பார்த்தால், மிக ஏழைப் பகுதிகளின் வரியில் பூட்டிய வீடுகள் ஏறுவது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிடும், குழுவின் நேர அட்டவணையை மாற்ற அப்போது இன்னும் அவகாசம் இருக்கும்.